நீர்மட்டம்

வழக்கமாக நாங்கள் துளைப்பது
இன்னும் எழாத கட்டடங்களுக்காக.
மண் எவ்வளவு தாங்கும், அதுதான் கேள்வி.
சுத்தியல் விழும், எண்ணுவேன், எழுதுவேன்,
மேலே வந்த மண்ணை உதறிவிட்டு
அடுத்த கம்பியை மாட்டுவேன்.
பதினோரு வருஷம்.
ராஸ் அல் கைமாவில் எத்தனையோ மாடிகளுக்கு அடியில்
என் கையெழுத்துக் கிடக்கிறது.

அன்று மட்டும் வேலைச் சீட்டில்
திட்டத்தின் பெயர் என்ற கட்டத்தில்
ஏரி என்று இருந்தது.

ஏரியா, என்று சிரித்தான் குல் ஜமீர்.
வண்டிக் கண்ணாடியில் மணல் மேடு, மணல் மேடு,
ஒட்டகப் பண்ணையின் கிழிந்த வலை,
பிறகு இரண்டு மேடுகளுக்கு நடுவே
தட்டில் காய்ந்த கஞ்சி மாதிரி
சாம்பல் நிறத்தில் ஓர் இடம்.
நாலு சக்கர பைக்குகள் அதில்
வட்டம் வட்டமாகக் கிறுக்கியிருந்தன.
இங்கேதான், என்றாள் ஷம்மா,
பல்கலைக்கழகத்துப் பெண்,
முழங்கால் வரை பூட்ஸ்.

சுத்தியல் வேண்டாம் என்றாள்.
அழுத்துங்கள், மெல்ல.
அடித்தால் வருஷங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும்.

மூன்றரை மீட்டர்.
முப்பது போகிறவன் நான்.
எங்கள் முதலாளி மீட்டர் கணக்கில் காசு வாங்குகிறவர்.
இவளோ மீட்டருக்கு
இரண்டாயிரம் வருஷம் இருக்கலாம் என்கிறாள்.
யாருக்கு நஷ்டம் என்று
மதியம் வரை எனக்கு விளங்கவில்லை.

ஒரு குழாயை அங்கேயே திறந்தோம்.
உள்ளே இருந்ததைப் பிளக்கக் கத்தி சரிப்படவில்லை,
இழுபட்டது.
என் பையில் தங்கூசி இருந்தது,
வெள்ளிக்கிழமை மீனுக்கு.
ஆளுக்கொரு முனை பிடித்து
நீளவாக்கில் அறுத்தோம்.

பழுப்பு. வெள்ளை. பழுப்பு.
நகக்கண் அளவு நத்தைகள்,
நல்ல தண்ணீரில் மட்டும் பிழைக்கிறவை.
நாணலின் கரிய நூல்.
நான் பழக்கத்தில் ஒரு சிட்டிகை கிள்ளி
பல்லில் வைத்துப் பார்த்தேன்:
நறநறத்தால் வண்டல், வழுக்கினால் களி.
ஷம்மா அலறினாள்.
ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்,
மிஸ்டர் சந்தியாகு,
முப்பது வருஷத்தைத் தின்றுவிட்டீர்கள்.

வண்டல்தான் அது.

நடுவில் இரண்டு விரல் கனத்துக்கு
வெறும் மணல். மஞ்சளாக, ஈரமே அறியாதது போல.
அதற்கு மேலே மறுபடி நத்தைகள்.

இது எத்தனை வருஷம் என்றேன்.
தெரியாது என்றாள். சேறு மெல்லப் படியும்,
மணலுக்கு அந்தப் பொறுமை கிடையாது.
தலைமுறை தலைமுறையாக வந்த வறட்சியாகவும் இருக்கலாம்,
ஒரே ராத்திரிக் காற்றாகவும் இருக்கலாம்.

தண்ணீர் திரும்பி வந்திருக்கிறதே,
போன ஆட்களும் வந்திருப்பார்களா?

அவள் நோட்டைப் புரட்டினாள்.
அது இந்தக் குழாயில் இல்லை.

குழாயின் மேல் நுனியைச் சுரண்டி
ஒரு வாளியில் போட்டாள். இருபது சென்டிமீட்டர்.
கலங்கியது, நீக்கப்பட்டது என்று எழுதினாள்.
குல் ஜமீர் விரல் விட்டு எண்ணினான்:
அப்படியானால் நானூறு வருஷம்.
நாம் வந்தது, நம் விசா, நம் கேம்ப்
எல்லாம் அந்த வாளிக்குள்ளா?

இல்லை இல்லை என்றாள்.
ஏரி வற்றிய பிறகு இங்கே எதுவும் படியவில்லை.
வருகிறதைக் காற்று கொண்டுபோய்விடுகிறது.
படிந்திருந்ததையும் கொஞ்சம் கொஞ்சமாக.

குல் ஜமீர் வாளியை எடுத்துப்போய்
டயர் தடத்தில் கொட்டினான்.
துளையை மூடி, கருவியைக் கழற்றி,
வண்டி நிழலில் உட்கார்ந்து
அறிக்கைத் தாளை நிரப்பினேன்.
துளை எண், ஒன்று.
ஆழம், மூன்று புள்ளி ஐந்து.
கடைசிக் கட்டம் நிலத்தடி நீர்:
உண்டு, இல்லை, இரண்டில் ஒன்றை எழுத வேண்டும்.
பதினோரு வருஷமாக அதை
யோசிக்காமல் எழுதியவன்
பேனாவை இரண்டு முறை மூடித் திறந்தேன்.

இருந்தது, என்று எழுதினேன்.

திங்கட்கிழமை தாள் திரும்பி வந்தது.
ஓரத்தில் என்ஜினியரின் சிவப்பு மை:
எந்த ஆழத்தில் என்று குறிப்பிடவும்.